கலிஃபோர்னியாவின் வீடியோ கேம் விற்பனைச் சட்டம்: 2005 முதல் 2011 வரை ஒரு நிகழ்வு ஆய்வு

சிறுவர்களுக்கு வன்முறை கேம் விற்பதைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்ற பேச்சு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சூடு பிடிக்கும், அப்புறம் அடங்கும். அப்படிப் பேசுகிறவர்களும் அதை எதிர்ப்பவர்களும் முதலில் படிக்க வேண்டியது அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2005இல் கொண்டுவந்த சட்டத்தின் கதையைத்தான் என்பேன். சட்டமன்றம் நிறைவேற்றியது, ஆளுநர் கையெழுத்துப் போட்டார், ஆனால் அது ஒரு நாள்கூட அமலுக்கு வரவில்லை. ஆறு வருடம் மூன்று நீதிமன்றங்களில் ஏறி இறங்கி, 2011இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்துபோனது.

அந்தச் சட்டத்தின் நோக்கத்தில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. பதின்மூன்று வயதுப் பையன் தனியாகக் கடைக்குப் போய், ஆளைக் கட்டிப்போட்டுச் சித்திரவதை செய்கிற கேமை வாங்கிக்கொண்டு வருவது சரி என்று நினைக்கும் பெற்றோரை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கவலையைச் சட்டமாக எழுதியபோது அதற்குக் கொடுத்த வரையறையும் துணைக்கு வைத்த ஆதாரமும் சுமையைத் தாங்கவில்லை. அது எங்கே, எப்படி நொறுங்கியது என்பதைத்தான் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

பின்னணி

1993 டிசம்பரில் அமெரிக்க செனட்டில் ஒரு விசாரணை நடந்தது. 'மார்ட்டல் காம்பேட்' என்ற சண்டை கேம் அப்போதுதான் டிவியோடு இணைத்து ஆடும் வீட்டு கன்சோல்களுக்கு வந்திருந்தது. அதில் ஜெயித்தவன் தோற்றவனின் தலையை முதுகெலும்போடு சேர்த்துப் பிடுங்கி எடுப்பான். கன்சோல் நிறுவனமான செகாவின் பதிப்பில் ஒரு ரகசியப் பொத்தான் வரிசையை அழுத்தினால் ரத்தம் தெரியும், நின்டென்டோவின் பதிப்பில் ரத்தத்துக்குப் பதிலாகச் சாம்பல் நிற வியர்வை போட்டிருந்தார்கள். நீங்களே ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நாங்கள் சட்டம் போடுவோம் என்று செனட்டர்கள் சொல்ல, 1994இல் கேம் தொழில்துறையே ஈஎஸ்ஆர்பி என்ற மதிப்பீட்டு அமைப்பை உருவாக்கியது. 'எம்' என்றால் 17 வயதும் அதற்கு மேலும், 'ஏஓ' என்றால் 18 வயதும் அதற்கு மேலும்.

இந்தக் குறியீடு கடைக்காரரைச் சட்டப்படி எதற்கும் கட்டுப்படுத்தவில்லை. எம் குறியீடு போட்ட கேமைப் பத்து வயதுக் குழந்தையிடம் விற்றாலும் அவர் குற்றம் செய்தவர் ஆக மாட்டார்.

1999 ஏப்ரலில் கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச்சூடு நடந்தது. அதன் பிறகு அதிபர் கேட்டுக்கொண்டதால், வன்முறைப் பொழுதுபோக்குச் சரக்கு குழந்தைகளிடம் எப்படி விற்கப்படுகிறது என்று மத்திய வர்த்தக ஆணையம் ஆராய்ந்தது. ஆணையம் கையாண்ட முறை எளிமையானது. 13 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பெற்றோர் துணையில்லாமல் கடைக்குள் அனுப்பி, எம் குறியீட்டு கேமைக் கேட்க வைத்தார்கள். 2000ஆம் ஆண்டு அறிக்கையின்படி அப்படிப் போனவர்களில் 85 சதவீதம் பேர் கேமை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இதே ஆணையத்தின் பிந்தைய எண்கள் வழக்கின் போக்கில் பெரிய வேலை செய்கின்றன.

கலிஃபோர்னியாவுக்கு முன்பே சிலர் முயன்று பார்த்திருந்தார்கள். இண்டியானாபொலிஸ் நகரம் 2000இல் காசு போட்டு ஆடும் கேம் கூடங்களில் இருக்கும் வன்முறை கேம்களைச் சிறார் பெற்றோர் துணையில்லாமல் ஆடக் கூடாது என்றது. செயின்ட் லூயிஸ் கவுன்டியும் அதே ஆண்டு ஒரு விதி போட்டது. வாஷிங்டன் மாநிலம் 2003இல், போலீஸ்காரர்களைத் தாக்குவதாகக் காட்டும் கேம்களை மட்டும் குறிவைத்தது. முதலாவது 2001இலும், இரண்டாவது 2003இலும், மூன்றாவது 2004இலும் நீதிமன்றத்தில் விழுந்தன. ஏறக்குறைய ஒரே காரணம்தான்: கேமும் பேச்சுரிமைக்குள் வரும், வன்முறையைச் சித்திரிப்பதை ஆபாசத்தோடு சேர்க்க முடியாது, தீங்குக்குக் காட்டிய ஆதாரம் போதாது.

சட்டம் எழுதப்பட்ட சூழல்

2005 கோடையில் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்' கேமுக்குள் ஒளித்து வைத்திருந்த ஒரு பாலுறவுக் காட்சியை ஆட்டக்காரர்கள் திறந்துகாட்டினார்கள். ஜூலையில் ஈஎஸ்ஆர்பி அந்த கேமை எம்மிலிருந்து ஏஓவுக்கு மாற்றியது. குறியீடு கொடுக்கிறவர்களுக்கே உள்ளே இருப்பது தெரியவில்லை என்றால் அந்தக் குறியீட்டை எப்படி நம்புவது என்று பெற்றோர் கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. ஆகஸ்டில் அமெரிக்க உளவியல் சங்கம், குழந்தைகளுக்கான ஊடகங்களிலும் கேம்களிலும் வன்முறையைக் குறைக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. கலிஃபோர்னியாவில் மசோதாவைக் கொண்டுவந்த சட்டமன்ற உறுப்பினர் தொழிலால் குழந்தை உளவியலாளர். அக்டோபர் 7ஆம் தேதி ஆளுநர் கையெழுத்திட்டார், 2006 ஜனவரி 1 முதல் அமல் என்று இருந்தது.

இதில் ஒன்று இடிக்கிறது. ஊரையே கோபப்படுத்தியது ஒரு பாலுறவுக் காட்சி, ஆனால் சட்டம் கைவைத்தது வன்முறையில். பாலுறவுச் சித்திரிப்பைச் சிறாரிடம் விற்பதைத் தடுக்க 1968இலேயே உச்ச நீதிமன்றம், கின்ஸ்பெர்க் எதிர் நியூயார்க் வழக்கில், இடம் கொடுத்துவிட்டது. வன்முறைக்கு அப்படி ஓர் இடம் கிடையாது.

சட்டத்தில் என்ன இருந்தது

வன்முறை கேம் என்று முத்திரை குத்தப்பட்டதை 18 வயதுக்கு உட்பட்டவருக்கு விற்கவோ வாடகைக்குக் கொடுக்கவோ கூடாது. மீறினால் ஆயிரம் டாலர் வரை அபராதம். கவுன்டரில் நிற்கும் சாதாரண ஊழியருக்கு அபராதம் கிடையாது. அடையாள அட்டையைக் கேட்டு, பார்த்து, அதை நம்பி விற்றிருந்தால் கடைக்காரரும் தப்பிக்கலாம். பெற்றோர், தாத்தா பாட்டி, பெற்றோரின் உடன்பிறந்தவர்கள், சட்டப்படியான பாதுகாவலர் ஆகியோர் கொடுத்தால் குற்றமில்லை. இதுவரைக்கும் நிதானமாக யோசித்து எழுதியது என்றே சொல்வேன், குறிப்பாகச் சம்பளத்துக்கு நிற்கும் பையனைக் காப்பாற்றிய பிரிவை.

கேம் பெட்டியின் மேலட்டையில், முன்பக்கத்தில் கறுப்புக் கோட்டால் விளிம்பு கட்டிய வெள்ளை நிற '18' இருக்க வேண்டும், அளவு இரண்டு அங்குலத்துக்கு இரண்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கேம் டிஸ்க் வரும் பெட்டியின் முகப்பில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு அகலத்தை அது மட்டுமே எடுத்துக்கொள்ளும்.

சிக்கல் வரையறையில் ஆரம்பித்தது. மனித உருவத்தைக் கொல்வது, உறுப்பைச் சிதைப்பது, துண்டாக்குவது, பாலியல் தாக்குதல் செய்வது ஆகியவை ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் தேர்வுகளில் இருக்க வேண்டும். அதோடு மூன்று நிபந்தனைகள் பொருந்த வேண்டும்: சிறாரின் வக்கிர ஆர்வத்தைத் தூண்டுவதாக ஒரு நியாயமான மனிதர் கருத வேண்டும், சிறாருக்கு ஏற்றது எது என்பதில் சமூகத்தில் நிலவும் அளவுகோலுக்கு அப்பட்டமாக மாறாக இருக்க வேண்டும், கேம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் சிறாருக்கு உருப்படியான இலக்கிய, கலை, அரசியல், அறிவியல் மதிப்பு இல்லாமல் இருக்க வேண்டும். இதற்கு மாற்றாக இன்னொரு பிரிவு, குறிப்பாகக் கொடூரமான முறையில் சித்திரவதை செய்ய ஆட்டக்காரருக்கு இடம் கொடுக்கும் கேம் எதுவும் வன்முறை கேம்தான் என்றது. மூன்று நிபந்தனைகளும் ஆபாச வழக்குகளின் சோதனையிலிருந்து எடுத்து, 'பாலுறவு' என்ற இடத்தில் 'வன்முறை' என்று மாற்றி வைத்தவை.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்பது புரிகிறது. கின்ஸ்பெர்க் தீர்ப்பின் நிழலில் ஒதுங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். எம் குறியீட்டையே சட்டமாக்கியிருந்தால் எளிதாக இருந்திருக்குமே என்று தோன்றும், ஆனால் தனியார் அமைப்பு ஒன்றின் முடிவுக்குச் சட்ட பலம் கொடுப்பது அரசு அதிகாரத்தைத் தனியாரிடம் ஒப்படைப்பதாகிவிடும் என்ற அரசமைப்புச் சிக்கல் அங்கே நின்றது. எனவே சொந்தமாக ஒரு வரையறை எழுதினார்கள். அதன் விளைவு, எந்த கேமுக்கு 18 ஒட்டுவது என்பதை விநியோகஸ்தரே சட்டத்தைப் படித்து ஊகிக்க வேண்டியதாயிற்று. முன்கூட்டியே பார்த்துச் சொல்ல ஒரு வாரியமோ அதிகாரியோ கிடையாது. கும்பலாக வரும் எதிரிகளைச் சுட்டுத் தள்ளும் போர் கேமுக்கு ஒட்டுவதா? வரலாற்றுப் போர் என்றால் மதிப்பு உண்டா, கற்பனைப் போர் என்றால் கிடையாதா? பதில் தெரிய வழக்கு வர வேண்டும், அதுவரை பயந்துகொண்டே ஒட்ட வேண்டும்.

வழக்கு நகர்ந்த விதம்

கையெழுத்தாகிப் பத்து நாளில், அக்டோபர் 17இல், கேம் தயாரிப்பாளர் சங்கமும் விற்பனையாளர் சங்கமும் சேர்ந்து வழக்குப் போட்டன. டிசம்பர் 21இல் மாவட்ட நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, 2007 ஆகஸ்டில் அது நிரந்தரமானது. மாநிலம் மேல்முறையீட்டுக்குப் போயிற்று. அங்கே மாற்றுப் பிரிவு, அதாவது சித்திரவதைப் பிரிவு, அரசமைப்புக்கு ஒத்துவராது என்று மாநிலமே ஒப்புக்கொண்டுவிட்டது. எனக்கு இது வருத்தமாகவே இருக்கிறது, ஏனென்றால் பெற்றோர் உண்மையிலேயே பயப்படுவது அந்தப் பிரிவு சொன்ன விஷயத்துக்குத்தான். அதை நெருக்கமாக, குறுகலாக எழுதியிருந்தால் வாதாடவாவது ஒரு பிடி இருந்திருக்கும். 2009 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சட்டத்தைத் தள்ளியது. விற்பனைத் தடையே செல்லாது என்றான பிறகு, சிறாருக்கு விற்கக் கூடாது என்று சொல்லும் 18 லேபிள் கடைக்காரரைப் பொய் சொல்ல வைப்பதாகும் என்று லேபிளையும் சேர்த்தே ரத்து செய்தது.

2010 ஏப்ரல் 20இல், விலங்குகளைக் கொடுமைப்படுத்தும் வீடியோக்கள் பற்றிய ஸ்டீவன்ஸ் வழக்கில், பேச்சுரிமைக்குப் புதிய விலக்குகளை அரசு தன் விருப்பத்துக்கு உருவாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த வாரமே கலிஃபோர்னியாவின் மனுவை விசாரணைக்கு எடுத்தது. கீழ் நீதிமன்றங்கள் எல்லாம் ஒரே பக்கம் இருந்தபோது ஏன் எடுத்தார்கள் என்று பலருக்கு ஆச்சரியம். நவம்பர் 2இல் வாதம் நடந்தது. 2011 ஜூன் 27இல் பிரவுன் எதிர் என்டர்டெயின்மென்ட் மெர்ச்சன்ட்ஸ் அசோசியேஷன் என்ற பெயரில் தீர்ப்பு வந்தது: சட்டம் செல்லாது, ஏழுக்கு இரண்டு.

தீர்ப்பில் கவனிக்க வேண்டியவை

ஏழு பேர் என்றாலும் ஒரே குரல் இல்லை. நீதிபதி ஸ்காலியா எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பில் ஐந்து பேர்தான். குழந்தைகளை வன்முறைச் சித்திரிப்பிலிருந்து ஒதுக்கி வைக்கும் மரபு அந்த நாட்டில் இருந்ததே இல்லை என்று காட்ட அவர் கிரிம் சகோதரர்களின் கதைகளை எடுத்தார். ஸ்னோ ஒயிட்டின் சிற்றன்னையான ராணி பழுக்கக் காய்ச்சிய செருப்பைப் போட்டுக்கொண்டு சாகும் வரை ஆட வேண்டும், சிண்ட்ரெல்லாவின் அக்காக்களின் கண்களைப் புறாக்கள் கொத்தும், ஹேன்சலும் கிரெட்டலும் தங்களைப் பிடித்து வைத்தவளை அடுப்புக்குள் தள்ளுவார்கள். படிக்கும் கதையும் கையால் இயக்கும் கேமும் ஒன்றா என்றால், கதையும் ஆளை உள்ளே இழுப்பதுதான் என்பது அவர் பதில். இந்த இடத்தில் அவரோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. குழந்தை ராணியின் சாவை வாசிப்பதும், ஒருத்தியை எப்படிக் கொல்வது என்று பொத்தானில் விரல் வைத்துத் தேர்ந்தெடுப்பதும் வேறு வேறு அனுபவம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் ஆதாரம் பற்றி அவர் எழுதியதை யாராலும் சுலபமாகத் தள்ள முடியாது. மாநிலம் சில உளவியல் ஆய்வுகளை நம்பியிருந்தது. அவை பெரும்பாலும் தொடர்பைக் காட்டின, காரணத்தை நிறுவவில்லை. காட்டிய விளைவும் சின்னது, உதாரணமாக வன்முறை கேம் ஆடிய சில நிமிடங்களில் சத்தமாக நடந்துகொள்வது போன்ற அளவீடுகள். அதைவிட, அந்த ஆய்வுகளை நடத்தியவர்களில் முக்கியமானவரே தன் சாட்சியத்தில், பக்ஸ் பன்னி மாதிரியான கார்ட்டூன்களின் விளைவும் ஏறக்குறைய அதே அளவுதான் என்று ஒப்புக்கொண்டிருந்தார், எல்லா வயதினருக்குமான சோனிக் கேமிலும், துப்பாக்கிப் படத்தைப் பார்த்தாலும் அப்படித்தான். அப்படியானால் கார்ட்டூனை விட்டுவிட்டு கேமை மட்டும் ஏன் பிடித்தீர்கள்? மாநிலத்திடம் பதில் இல்லை. நேரடிக் காரணத்தை நிரூபிக்கத் தேவையில்லை, சட்டமன்றத்தின் ஊகம் போதும் என்று வாதாடினார்கள். பேச்சின் உள்ளடக்கத்தைத் தொடும் சட்டத்துக்கு அது போதாது, ஆதாரம் மங்கலாக இருந்தால் நஷ்டம் அரசுக்குத்தான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அலிட்டோவும் தலைமை நீதிபதி ராபர்ட்ஸும் முடிவை மட்டும் ஏற்றார்கள். வரையறை தெளிவில்லை, அதனால் செல்லாது, ஆனால் வருங்காலத் தொழில்நுட்பத்தை இப்போதே பெட்டிக்குள் போட்டு மூடிவிட வேண்டாம் என்பது அவர்கள் நிலை. மாறுபட்ட இருவரில் தாமஸ், பெற்றோரைத் தாண்டிச் சிறாரிடம் பேசும் உரிமை, பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தத்தில் இல்லவே இல்லை என்றார். பிரேயர் கேட்டது இன்றும் தொண்டையில் நிற்கிறது: பதின்மூன்று வயதுப் பையனுக்கு நிர்வாணப் பெண்ணின் படம் போட்ட பத்திரிகையை விற்கத் தடை விதிக்கலாம், ஆனால் அதே பெண்ணைக் கட்டிப்போட்டு வாயடைத்துச் சித்திரவதை செய்து கொல்லும் கேமை விற்பதற்குப் பாதுகாப்பு, இதில் என்ன நியாயம்? பெரும்பான்மைத் தீர்ப்பு இதற்குச் சட்ட மரபைச் சொல்கிறது, குழந்தையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அப்புறம் என்ன நடந்தது

தோற்ற மாநிலம் எதிர்த்தரப்பின் வழக்குச் செலவையும் கொடுக்க வேண்டியிருந்தது. உச்ச நீதிமன்றக் கட்டத்துக்கு மட்டும் 2012இல் 9,50,000 டாலர், முன்பு கொடுத்ததையும் சேர்த்தால் ஏறக்குறைய 13 லட்சம் டாலர். எல்லாம் மக்கள் வரிப்பணம்.

கவுன்டரில் நடந்தது வேறு கதை. வர்த்தக ஆணையம் பிள்ளைகளை அனுப்பிப் பார்ப்பதை நிறுத்தவில்லை. 2000இல் 85 சதவீதமாக இருந்தது 2003இல் 69, 2006இல் வெளியான கணக்கில் 42, 2008இல் 20, 2011இல் 13 என்று இறங்கியது. 2011இல் அதே ஆணையத்தின் சோதனையில் ஆர் குறியீட்டு (17 வயதுக்குக் கீழே உள்ளவர் பெற்றோர் துணையில்லாமல் பார்க்கக் கூடாத) சினிமா டிவிடியை வாங்க முடிந்தவர்கள் 38 சதவீதம், எச்சரிக்கை லேபிள் ஒட்டிய இசை சிடியை வாங்க முடிந்தவர்கள் 64 சதவீதம். ஒரு சட்டமும் இல்லாமல் கேம் கடைகள்தான் மற்றவர்களைவிட ஒழுங்காக இருந்தன.

இது தானாக நடக்கவில்லை. பெரிய சங்கிலிக் கடைகளில் எம் குறியீட்டு கேமின் பார்கோடை ஸ்கேன் செய்தால், வயதைச் சரிபார் என்று பில் மெஷின் நின்றுவிடும்படி வைத்தார்கள். ஆணையம் எந்தச் சங்கிலிக் கடை எவ்வளவு தவறியது என்று பெயர் போட்டே வெளியிட்டது, பெயர் கெடுவதை எந்தக் கடையும் விரும்பவில்லை. சட்டம் வந்துவிடுமோ என்ற பயமும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். உச்ச நீதிமன்றமும் இந்தக் கணக்கைத்தான் சுட்டிக்காட்டியது: மீதமிருக்கும் சின்ன இடைவெளியை அடைக்க இவ்வளவு பெரிய தடை எதற்கு?

ஆராய்ச்சியிலும் நிலைமை மாறியது. உளவியல் சங்கம் 2020இல் தன் தீர்மானத்தைத் திருத்தி, வன்முறை கேமுக்கும் கத்துவது, தள்ளுவது போன்ற ஆக்ரோஷ நடத்தைக்கும் சிறிய தொடர்பு உண்டு, ஆனால் கொடிய வன்முறைக்குக் கேமைக் காரணம் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது.

இந்தத் தீர்ப்பை வேறு நாட்டுக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் 2003 முதல் வயதுக் குறியீட்டுக்குச் சட்ட பலம் உண்டு. பிரிட்டனில் 2012 ஜூலை முதல் 12, 16, 18 குறியீட்டை மீறி விற்பது குற்றம். அவர்களிடம் முதல் திருத்தம் இல்லை. அமெரிக்காவிலேயே பாலுறவுச் சித்திரிப்பு என்றால் கதை மாறும்: 2025 ஜூன் 27இல், ஆபாசத் தளங்கள் வயதைச் சரிபார்க்க வேண்டும் என்ற டெக்சஸ் சட்டத்தை அதே உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று ஏற்றது. பிரேயர் காட்டிய பிளவு இப்போது இன்னும் ஆழமாகியிருக்கிறது.

மறுபடி எழுதினால் எதை மாற்ற வேண்டும்

முதலில் அளந்து பார்த்திருக்க வேண்டும். 85 என்ற எண் அதிர்ச்சி தந்தது உண்மை, ஆனால் 2005இல் அது ஏற்கெனவே பாதியாகிக்கொண்டிருந்தது, அந்த இறக்கத்தை வேகப்படுத்தும் வழியைத் தேடியிருக்கலாம். மாநிலமே பிள்ளைகளை அனுப்பிச் சோதித்து முடிவைக் கடைவாரியாக வெளியிடுவதற்கு எந்த நீதிமன்றமும் தடை போட்டிருக்காது. அந்த 13 லட்சம் டாலரில் எத்தனை சோதனை நடத்தியிருக்கலாம்!

இரண்டாவது, முந்தைய தீர்ப்புகள் மேசையில் இருந்தும் அதே குழியில் விழுந்தது. மூன்று முறை 'ஆதாரம் போதாது' என்று வந்த பிறகு, நான்காவது முறை அதே வகை ஆய்வுகளோடு போனதற்கு அரசியல் அவசரத்தைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

மூன்றாவது, உள்ளடக்கத்தைத் தொடாத வழிகள். 2022 டிசம்பரில் 'ஃபோர்ட்நைட்' நிறுவனமான எபிக் கேம்ஸ், வர்த்தக ஆணையத்தின் புகார்களைத் தீர்க்க 52 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. புகார்கள் என்ன? பெற்றோர் அனுமதி இல்லாமல் குழந்தைகளின் தகவலைச் சேர்த்தது, முன்பின் தெரியாதவர்களோடு குழந்தைகள் பேசும் வசதியை ஆரம்பத்திலேயே திறந்து வைத்தது, தெரியாமல் பொத்தானைத் தட்டினாலே பணம் போகும்படி வடிவமைத்தது. கேமில் யார் யாரைச் சுடுகிறார்கள் என்ற பேச்சே அதில் எழவில்லை, அதனால் பேச்சுரிமைச் சுவரில் மோதவும் இல்லை.

கடைசியாக, 2005இன் சட்டம் கவுன்டருக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்பதாக நினைத்து எழுதப்பட்டது. இன்று பெரும்பாலான கேம்கள் கன்சோலிலேயே நேராக இறங்குகின்றன, பார்கோடும் இல்லை, வயது கேட்கும் ஊழியரும் இல்லை, பெற்றோரின் கார்டு விவரம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் வயது வரம்பைக் காக்க வேண்டியது கணக்குத் தொடங்கும் திரைதான். குழந்தையின் கணக்கு என்று குறித்தவுடனே வயதுக் கட்டுப்பாடு தானாக இயங்க வேண்டும், அதைத் தளர்த்தப் பெற்றோரின் கடவுச்சொல் வேண்டும் என்பதை எல்லா கன்சோல்களுக்கும் கட்டாயமாக்கும் விதியை நான் ஆதரிப்பேன். அதையும் நீதிமன்றம் சோதிக்கும், சோதிக்கட்டும். ஆனால் அதை எழுதுகிறவர்கள் எந்த கேம் வக்கிரமானது என்று ஓர் அரசு அதிகாரியோ பயந்துபோன விநியோகஸ்தரோ முடிவு செய்யும் வேலையைச் சட்டத்துக்குள் மறுபடி கொண்டுவராமல், அந்த முடிவைப் பெற்றோரிடமே விட வேண்டும்.